பட்டியல் வேண்டாம், ஒரு புத்தகம் சொல்லுங்கள்

நம் ஊரில் வரன் சொல்கிறவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. பிள்ளை வீட்டையும் தெரிந்திருக்க வேண்டும். பெண் வீட்டையும் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் இரண்டு வீட்டாரும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். ஆகையால் அவர் நாற்பது ஜாதகங்களைக் கட்டாகக் கொண்டுவந்து திண்ணையில் போட்டு, "எது பொருந்துகிறதோ நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை.

புத்தகம் சொல்கிறவர்களுக்கு மட்டும் அந்தப் பொறுப்பு கிடையாது போலிருக்கிறது. அதிலும் விஞ்ஞான நாவல்களைச் சிபாரிசு செய்கிறவர்கள் அடிக்கிற கூத்து சொல்லி முடியாது. அவர்களோடு ஒரு வழக்கைப் பேசித் தீர்த்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் எதிர் வீட்டில் ஓர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். தெருவில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். ஐம்பது வருஷங்களாக நாவல் படிப்பவர். நல்லது கெட்டதைச் சொல்ல அவருக்கு எந்த விமரிசகர் துணையும் வேண்டியதில்லை. என் நாவல் ஒன்றில் கதாநாயகி காரணமில்லாமல் மனம் மாறுகிறாள் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். சொன்னது சரியும்கூட.

இன்ஜினீயரிங் படிக்கும் அவருடைய பேரன் விஞ்ஞானக் கதைப் பித்தன். பாட்டிக்கும் அந்தச் சுவையைக் காட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் செய்ததென்ன? நாற்பது தலைப்புகள் கொண்ட ஒரு பட்டியலை எழுதிக் கொடுத்தான். முதல் இடத்தில் ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசை. மொத்தம் ஏழு புத்தகங்கள். எழுதப்பட்ட வரிசையில் படிப்பதா, கதை நடந்த வரிசையில் படிப்பதா என்பதில் ரசிகர்களுக்குள் தீராத சர்ச்சை இருக்கிறதாம். அந்தச் சர்ச்சையையும் பாட்டிக்கு அரை மணி நேரம் விளக்கியிருக்கிறான்.

டீச்சர் முதல் புத்தகத்தில் பாதி படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, ஒருத்தனோடு பழக்கமாகிற சமயம் பார்த்து முப்பது வருஷம், ஐம்பது வருஷம் தாண்டிப்போய்விடுகிறது. வேறே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த விஞ்ஞானக் கதையெல்லாம் சரிப்படாது."

எனக்குக் கோபம் வந்தது. டீச்சர்மீது அல்ல, அசிமோவ்மீதும் அல்ல. ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய சரித்திரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, நட்சத்திர மண்டலம் முழுவதும் பரவிய ஒரு சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியைச் சொல்லப் புறப்பட்டபோது அசிமோவுக்கு வயது 21. அந்தக் கதைகள் 1942 முதல் பத்திரிகையில் வந்தன. சரித்திரமே அங்கே கதாநாயகன். மனிதர்கள் வந்து போகிறவர்கள். சரித்திரப் பிரியர்களுக்கு அது விருந்து. மனித முகத்தைத் தேடி நாவல் படிக்கிறவருக்கு அது முதல் வாசல் அல்ல. தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 'பாட்டிக்கு விஞ்ஞானக் கதை பிடிக்கவில்லை' என்று தீர்ப்பெழுதுவது என்ன நியாயம்?

இத்தனை பேசும் நான் யோக்கியனா என்று கேட்பீர்கள். இல்லை. என் குற்றத்தையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் இலக்கிய மன்றத்தில் பேசப் போனேன். கைதட்டல் கிடைத்த உற்சாகத்தில், "விஞ்ஞானக் கதை என்பது என்ன? பழைய ராட்சசனுக்குத் தகரச் சட்டை போட்டுவிட்டால் விஞ்ஞானக் கதை!" என்று ஒரு போடு போட்டேன். சபை சிரித்தது. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எந்தக் கதையை மனத்தில் வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டான். எந்தக் கதையையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. பள்ளிக்கூடத்தில் சுருக்கிப் போட்டிருந்த வெல்ஸ் கதை ஒன்றைத் தவிர நான் எதையும் படித்திருக்கவில்லை. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் இன்னொரு ஹாஸ்யத்தை எடுத்துவிட்டேன். சபை மறுபடியும் சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்த விதம்தான் என்னைப் படிக்க வைத்தது.

கல்லூரியில் இரண்டு வருஷங்களுக்கு மேல் தாண்டாதவன் நான். பௌதிகத்தில் நான் வாங்கிய மார்க்கை வெளியே சொல்வதற்கில்லை. "எனக்கு விஞ்ஞானம் தெரியாது, இந்தக் கதைகள் எப்படிப் புரியும்?" என்று தயங்குகிறவர்கள் என்னையே சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். சோழர் காலத்து வரிவிதிப்பு தெரிந்துகொண்டா சரித்திர நாவல் படிக்கிறோம்? சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயைக் கொண்டுவந்தபோது, அதன் உள்ளே என்ன கம்பி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டா தமிழ் வாசகர்கள் அதன்மீது பிரியம் வைத்தார்கள்?

இலக்கியவாதிகளின் அலட்சியத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது மனிதனை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பாடும் எழுத்து என்பது அவர்கள் கட்சி. மேரி ஷெல்லி 'ஃப்ராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கியபோது அவளுக்கு வயது 18. புத்தகம் 1818-இல் வெளிவந்தது. ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர் என்றே இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். அது பூதத்தைச் செய்தவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே இல்லை. பெற்றவன் பெயர் வைக்காமல் ஓடிவிட்டான்! அது கண் விழித்த கணமே பயந்து ஓடியவன் அவன். பிறகு அந்த அநாதை, ஒரு குடியானவர் வீட்டுச் சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, தானாகவே மனித பாஷையைக் கற்றுக்கொள்கிறது. அந்த வீட்டில் அதை அன்போடு வரவேற்றவர் ஒருவர்தான். அவருக்குக் கண் தெரியாது. இதில் இயந்திரம் எங்கே இருக்கிறது? பெற்றுவிட்டுக் கைகழுவிய ஒரு தகப்பனின் கதை அல்லவா இது?

எச். ஜி. வெல்ஸ் ஜவுளிக்கடையில் வேலை பழகப் போன பையன். அவருடைய தாய் ஒரு பெரிய பண்ணை மாளிகையில் வேலைக்காரர்களை மேய்க்கும் பொறுப்பில் இருந்தாள். அந்த மாளிகையில் வேலைக்காரர்கள் போய்வரப் பூமிக்கு அடியில் சுரங்க வழிகள் இருந்தன, மேலே துரைமார்கள். 1895-இல் அவர் எழுதிய 'தி டைம் மெஷின்' நாவலில் ஒருவன் 802701-ஆம் வருஷத்துக்குப் போகிறான். அங்கே மேலே அழகான சோம்பேறிகள். கீழே இருட்டில் உழைக்கும் ஒரு கூட்டம். இரவானால் கீழே இருக்கிறவர்கள் மேலே வந்து அவர்களைப் பிடித்துத் தின்கிறார்கள். அந்த எட்டு லட்சம் வருஷத்துத் தூரத்தை வெல்ஸ் எங்கே கண்டுபிடித்தார்? தாய் வேலை பார்த்த வீட்டின் அடித்தளத்தில் கண்டுபிடித்தார் என்றே நான் நினைக்கிறேன்.

வெள்ளைக்காரர் சமாசாரம் என்று இதையும் தள்ளுகிறவர்களுக்கு நம் சென்னையைச் சொல்கிறேன். 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கில மாதர் பத்திரிகையில் 'சுல்தானாவின் கனவு' என்ற கதை வந்தது. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கேயா. பள்ளிக்கூடமே போகாதவர், அண்ணனிடம் இரவில் ரகசியமாக ஆங்கிலம் படித்தவர். அவர் கதையில் ஒரு நாட்டில் பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து நேரே தண்ணீர் எடுக்கிறார்கள். ஆண்கள் எல்லோரும் அந்தப்புரத்தில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். சூரிய அடுப்பு வெறும் சாக்கு. திரைக்குப் பின்னால் இருப்பது எப்படி இருக்கும் என்பதை ஆணுக்குக் காட்டத்தான் அத்தனை ஏற்பாடும். சாதாரணக் குடும்பக் கதையில் அன்று அதைச் சொல்லியிருக்க முடியுமா? சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இலக்கியவாதிகளை விடுங்கள். விஞ்ஞானக் கதையின் நண்பர்கள் செய்யும் கெடுதல் இன்னும் ஜாஸ்தி. அவர்கள் தூக்கிப் பிடிக்கிற பெருமை ஒன்றே ஒன்று: "அன்றைக்கே சொன்னான், இன்றைக்கு நடந்துவிட்டது!" ஆர்தர் கிளார்க்கின் பேச்சை எடுத்தால் உடனே செயற்கைக் கோள் என்பார்கள். பூமிக்கு மேலே ஓரிடத்தில் நிலையாக நிற்பதுபோல் சுற்றும் கோள்கள் மூலம் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் அவர் எழுதியது ஒரு கட்டுரையில், கதையில் அல்ல. பலித்ததா பலிக்கவில்லையா என்று பார்க்க இவர்கள் என்ன கிளி ஜோசியமா எழுதினார்கள்? ஆக்டேவியா பட்லர் 1993-இல் ஒரு நாவல் எழுதினார். கதை 2024-இல் தொடங்குகிறது. தண்ணீருக்கு விலை ஏறிப்போய், சுவர் எழுப்பிக்கொண்டு தெருக்கள் பயந்து வாழும் ஒரு கலிபோர்னியா. 2024 வந்தது, போயும் விட்டது. அதனால் கதை காலாவதியாகிவிட்டதா? பயத்துக்கும் பசிக்கும் நடுவில் ஒரு பெண் தன்னோடு நடக்க யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறாள் என்பதல்லவா கதை? ஜோசியமாகப் படித்தால், தேதி தாண்டிய மறுநாள் எல்லா விஞ்ஞானக் கதையும் பழைய பஞ்சாங்கம்தான்.

அடுத்தது இந்த வரிசை வியாதி. தொடர்கதை எழுதிப் பிழைக்கும் நான் தொடர்ச்சியைக் குறை சொல்லலாமா என்றால், சொல்லலாம். எனக்குத்தானே அந்த வியாதியின் உள்விவரம் தெரியும்! கதை முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். வாசகர்கள் "மேலே என்ன ஆயிற்று?" என்று எழுதுவார்கள். பதிப்பாளர் நேரிலேயே வந்துவிடுவார். அசிமோவின் மூன்று புத்தகங்கள் 1953-இல் முடிந்துவிட்டன. 1982-இல் நான்காவது வந்தது. அதற்குப் பிறகு மூன்று. கிளார்க் 1973-இல் 'ராண்டவூ வித் ராமா' எழுதினார். ஐம்பது கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் உருளை எங்கிருந்தோ நம் சூரிய மண்டலத்துக்குள் வருகிறது. மனிதர்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிறார்கள். யார் செய்தது, எதற்கு வந்தது என்று தெரிவதற்குள் அது நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் வழியே போய்விடுகிறது. விடை சொல்லாமல் போனதுதான் அந்தக் கதையின் கௌரவம். பிற்பாடு ஜென்ட்ரி லீ என்பவருடன் சேர்ந்து மூன்று பெரிய புத்தகங்கள் வந்தன, விடை சொல்வதற்கென்றே. விடை வந்தது, பிரமிப்பு போயிற்று.

எல்லாத் தொடர்ச்சியும் வீண் என்று சொல்லமாட்டேன். ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' 1965-இல் வந்தது. இருபதுக்கு மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு, மோட்டார் கார் ரிப்பேர்ப் புத்தகங்கள் போடுகிற ஒரு கம்பெனி அதைப் பிரசுரித்தது. பாலைவனக் கிரகத்தில் ஒரு வாலிபன் தேவதூதனாக உயர்கிறான். படிக்கிறவர்கள் கைதட்டினார்கள். தலைவர்களைக் கண்மூடி நம்பாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் ஹெர்பர்ட் எழுதினார். 1969-இல் வந்த இரண்டாவது புத்தகத்தில், அந்தத் தேவதூதன் பெயரால் மடிந்த கோடானுகோடி உயிர்களின் கணக்கு வருகிறது. முதல் புத்தகத்தைப் படித்துக் கைதட்டியவர் இரண்டாவதையும் படித்தே ஆக வேண்டும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம். அவர் எழுதியவை ஆறு. ஆறையும் முடிக்காதவன் ரசிகனே அல்ல என்று மிரட்டுகிறவரைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுங்கள்.

சரி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். இதுவும் பட்டியல்தானே என்று மடக்காதீர்கள். ஆளைப் பார்த்து ஆளுக்கொன்றாகச் சொல்கிறேன்.

தலைவர்களைத் தோளில் தூக்கிப் பழகியவரா நீங்கள்? மேலே சொன்ன 'டூன்' இரண்டும் உங்களுக்கு. ஆண், பெண் விவகாரத்தை வைத்தே கதை படித்து வளர்ந்தவரா? அர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்'. பனி மூடிய ஒரு கிரகம். அங்கே நிரந்தரமாக ஆண் என்றும் பெண் என்றும் யாரும் இல்லை. மாதத்தில் சில நாட்கள்தான் ஏதாவது ஒன்றாகிறார்கள். பூமியிலிருந்து போன தூதன் ஒருவன், பதவி இழந்த அந்த நாட்டு மந்திரியோடு பனிப்பாளத்தின்மேல் வாரக் கணக்கில் நடக்கிறான். அந்த நடையை மறப்பது கஷ்டம். அவர் அதே உலகத்தில் வேறு நாவல்களும் எழுதியிருக்கிறார். ஆனால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். தொடர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

சரித்திர நாவல் பிரியர்களுக்கு பட்லரின் 'கிண்ட்ரட்', 1979. 1976-ஆம் வருஷத்துக் கலிபோர்னியாவில் வாழும் ஒரு கறுப்பினப் பெண் திடீர் திடீரென்று அடிமைகள் காலத்து மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே அடிமைகளின் சொந்தக்காரன் மகனுக்கு உயிராபத்து நேரும்போதெல்லாம் அவள் அவனைக் காப்பாற்ற வேண்டும். ஏனென்றால் அவன் வழியாகத்தான் அவளுடைய வம்சமே வந்தது! இது விஞ்ஞானக் கதையே அல்ல என்று ஆசிரியையே சொன்னார். காலம் தாண்டுவதற்கு அதில் விஞ்ஞான விளக்கம் ஏதும் இல்லை. வகையைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் அழட்டும், நீங்கள் படியுங்கள்.

பக்திக்கும் பொறியியலுக்கும் உள்ள சண்டையில் ருசி உள்ளவர்களுக்குக் கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்', 1979. கிளார்க் 1956 முதல் 2008-இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். இலங்கையைப் போன்ற ஒரு தீவை பூமத்திய ரேகைவரை தள்ளி வைத்துக்கொண்டு, தமிழர்கள் சிவனொளிபாத மலை என்று சொல்லும் சிகரத்தை நினைவூட்டும் ஒரு மலையின்மீது வானத்துக்கே லிஃப்ட் கட்டப் பார்க்கிறான் ஓர் இன்ஜினீயர். மலையில் பிக்ஷுக்கள் இருக்கிறார்கள். நகர மாட்டோம் என்கிறார்கள்.

டீச்சருக்கு இவற்றில் எதையும் நான் கொடுக்கவில்லை. அவர் கணவர் காலமாகி ஏழு வருஷங்கள் ஆகின்றன. யோசித்துப் பார்த்து, கொஞ்சம் பயத்தோடுதான், போலந்து ஆசிரியர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961-இல் எழுதிய 'சோலாரிஸ்' நாவலைக் கொடுத்தேன். சோலாரிஸ் ஒரு கிரகம். அதை மூடியிருக்கும் சமுத்திரம் ஒரே உயிர். அதை ஆராயப் போன கெல்வின் ஒரு நாள் கண் விழித்துப் பார்த்தால், பத்து வருஷங்களுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சமுத்திரம் அவன் ஞாபகத்திலிருந்து எடுத்துச் செய்த மனைவி. தான் அப்படிச் செய்யப்பட்டவள் என்பது அவளுக்கே தெரியாது. பயந்துபோன கெல்வின் அவளைத் தந்திரமாக ஒரு ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அவள் மறுபடியும் வருகிறாள்.

பத்து நாள் கழித்து டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, முதலில் வந்தவளை ராக்கெட்டில் வைத்து அனுப்பினானே, அது கொலைதானே?"

"அவள் நிஜ மனைவி இல்லையே, டீச்சர்."

"நிஜ மனைவி இல்லை, சரி. உள்ளே கிடந்து கத்தினாளே, அது நிஜம்தானே?"

என்னிடம் பதில் இல்லை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் வீட்டுக்காரர் இப்போது அப்படி வந்து நின்றால், எனக்கு ஞாபகம் இருக்கிற அளவுக்குத்தான் அவர் இருப்பார். ஆபீஸில் அவர் எப்படி இருந்தார், தனியாக இருக்கும்போது என்ன நினைத்தார், அதெல்லாம் எனக்குத் தெரியாது. அது எதுவும் வராது. பாதி ஆள்தான் வருவார். நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், தம்பி."

அந்தக் கிரகத்தின் இரண்டு சூரியன்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஞ்ஞானம் புரியவில்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மனிதரோடு ஆயுள் முழுக்க வாழ்ந்தும் நாம் அறிவது எவ்வளவு என்ற கேள்வியைக் கேட்க அவருக்கு ஒரு வேற்றுக் கிரகம் தேவைப்பட்டது. நான் எழுதும் கூடத்துக் கதை, சமையலறைக் கதைகளில் அந்தக் கேள்வி வந்திருக்காது. வந்திருந்தாலும் இப்படி நேரே வந்து நின்றிருக்காது. என் தொழிலுக்கு இது கௌரவக் குறைவுதான். ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஆகவே, விஞ்ஞானக் கதை அன்பர்களே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது உங்களிடம் வந்து "என்ன படிக்கலாம்?" என்று கேட்டால், பட்டியலை எடுக்காதீர்கள். "கடைசியாக எந்தக் கதை உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது?" என்று முதலில் அவரைக் கேளுங்கள். பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள். அது பொருந்தவில்லை என்றால், தப்பு உங்களுடையது என்று ஏற்றுக்கொண்டு இன்னொன்று சொல்லுங்கள்.

டீச்சரின் பேரனிடமும் இதைச் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, 'ஃபவுண்டேஷ'னில் இரண்டாவது புத்தகத்திலிருந்துதான் சூடு பிடிக்கும் என்கிறான். இருக்கட்டும். என் 'சோலாரிஸ்' இன்னும் எதிர் வீட்டிலிருந்து திரும்பி வரவில்லை.